‘தகுதி’க்குக் கைகொடுத்தவர்கள்

காலேஜில் புதிதாகச் சேருகிற மாணவனுக்கு வழிகாட்டியாக ஓர் ஆசிரியரையோ, முன்பு படித்துத் தேறிய ஒருவரையோ அமர்த்திக் கொடுக்கும் ஏற்பாட்டைப் பற்றிச் சிலர் கேலி பேசி வருகிறார்கள். “பதினெட்டு வயதானவனுக்குக் கைப்பிடித்து நடத்த ஆள் வேண்டுமா? தகுதியுள்ளவன் தானாக மேலே வருவான்” என்பது அவர்கள் தர்க்கம். இந்தத் தர்க்கம் எந்த வீட்டிலிருந்து வருகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். தகப்பன் இஞ்சினீர், சிற்றப்பன் வக்கீல், மாமன் அமெரிக்காவில் உத்தியோகம் என்கிற வீட்டிலிருந்துதான் பெரும்பாலும் வருகிறது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு வழிகாட்டி எதற்கு? சாப்பிட உட்கார்ந்தால் நாலு வழிகாட்டிகள் கூடவே உட்காருகிறார்களே!

சரி, தகுதியைப் பற்றியே பேசுவோம். கணித மேதை ராமானுஜத்தைவிடத் தகுதியுள்ளவர் ஒருவரை இவர்களால் காட்ட முடியுமா? அவர் தானாக மேலே வந்தாரா? கும்பகோணம் காலேஜில் ஸ்காலர்ஷிப்பை இழந்தார். பச்சையப்பன் காலேஜில் சேர்ந்தும் எப்.ஏ. பரீட்சையில் தவறினார். பிறகு 1910-இல் தம் நோட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு, நமது பண்ருட்டியும் சேர்ந்திருந்த அன்றைய தென்னார்க்காடு ஜில்லாவின் திருக்கோயிலூருக்குத்தான் வந்தார். அங்கே டிப்டி கலெக்டராயிருந்த வி. ராமசாமி அய்யரிடம் குமாஸ்தா வேலை கேட்டார். அய்யர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இந்த மூளையைத் தாலுகா ஆபீசில் அடைக்க மனமில்லாமல் சென்னை நண்பர்களுக்குச் சிபார்சுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்புறம் சேஷு அய்யர், அப்புறம் நெல்லூர்க் கலெக்டர் ராமச்சந்திர ராவ். அவர் மாதம் 25 ரூபாய் கைப்பணம் கொடுத்தார். 1912-இல் துறைமுக ஆபீசில் வேலை. அங்கே நாராயண அய்யர். 1913-இல் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம். 1914-இல் கப்பல்.

இதனால் ராமானுஜத்தின் அறிவு குறைந்துவிட்டதென்று நாம் சொல்ல வரவில்லை. கடிதம் கொடுத்தவர்கள் செய்ததும் நல்ல காரியமே. ஆனால் அவர்கள் எந்த வகுப்பார் என்பதைப் பெயர்களே சொல்லுகின்றன. அதே நோட்டு, முந்திரிக்கொட்டை உடைக்கும் ஒரு கூலிக்காரியின் மகள் கையில் இருந்திருந்தால், 1910-இல் எந்த டிப்டி கலெக்டர் வீட்டுத் திண்ணையை அவள் மிதித்திருக்க முடியும்? தங்கள் பிள்ளைக்கு நாலு பேர் கைகொடுத்தால் அதற்குத் ‘தகுதி’ என்று பெயர். நம் பிள்ளைக்கு ஒருவரை அமர்த்தினால் ‘ஊன்றுகோல்’ என்று பெயர். இது என்ன நியாயம்?

இந்தச் சூதை நம்மவர்களில் முதலில் தெரிந்துகொண்டவர்களுள் ஒருவர் டாக்டர் நடேச முதலியார். சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத வாலிபர்களுக்குத் தங்க இடமில்லாதிருந்த காலத்தில் திருவல்லிக்கேணியில் ‘திராவிடர் இல்லம்’ நடத்தினார். சோறும் பாயும் மட்டும் போட்ட விடுதியல்ல அது. விசாரிக்க ஆள் இருந்த இடம்.

நிற்க. இன்று கதவு திறந்திருக்கிறது. முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010 முதல்; சர்க்கார் பள்ளி மாணவருக்கு இஞ்சினீரிங்கில் 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல். ‘நான் முதல்வன்’ திட்டம் 2022 மார்ச் முதல். பண்ருட்டியிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தின் காலேஜ் இருக்கிறது. பலாத்தோப்புக்காரர் மகனும், தறிக்காரர் மகளும் உள்ளே போய்விட்டார்கள். போனபிறகு என்ன? அரியர் விழுந்தால் யாரைக் கேட்பது, எந்தப் பரீட்சைக்கு எப்போது மனுப்போடுவது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பயிற்சி இஞ்சினீர்களைக் ‘கேட்’ பரீட்சை மதிப்பெண்ணைக் கொண்டு எடுத்திருக்கிறது. டவுன்ஷிப்பில் வளருகிற பிள்ளை இதைப் பத்தாம் வகுப்பிலேயே காதால் கேட்டுவிடுகிறது. ஒரு பஸ் தூரத்திலுள்ள பண்ருட்டிப் பிள்ளை கடைசி வருஷத்தில், மனுப்போடும் தேதி கடந்தபின் கேட்கிறது. இதில் மூளை எங்கே குறைந்தது? சொல்ல ஆளில்லாததுதானே குறை!

ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் வாராவாரம் ஒன்றிரண்டு மாணவர்களை எதிரே உட்கார்த்திவைத்து ஆசிரியர் பேசுகிற வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்தது நம் பிள்ளைகளுக்கு வேண்டாமாம்!

இனி, காலேஜ் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. புது மாணவர்களைச் சுமார் இருபது பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஓர் ஆசிரியர் வழிகாட்டியாக இருக்கவேண்டுமென்று தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் யோசனை சொல்லியிருக்கிறது. தரம் பார்க்கும் ‘நாக்’ குழுவும் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை மாணவர் என்று கணக்குக் கேட்டிருக்கிறது. கேட்டால் என்ன ஆகும் என்பது யாருக்குத் தெரியாது? குழு வரும் வாரத்தில் ரிஜிஸ்டர் பிறக்கும். மூன்று வருஷத்துச் சந்திப்பை ஒரே பேனாவால் ஒரே மாலையில் எழுதி, மாணவரை வரிசையில் நிறுத்திக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கோயில் உற்சவக் கணக்குக்கூட இவ்வளவு சுத்தமாக இராது! இப்படிப்பட்ட காலேஜ்களில் வழிகாட்டித் திட்டம் இல்லையென்றே நாம் சொல்லுவோம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. அது வழிகாட்டி என்றதும் ‘குரு’ என்று ஆரம்பித்து, பாதபூஜையில் கொண்டுபோய் விடும். துரோணன் ஏகலைவனுக்கு ஒரு பாடமும் சொல்லிக் கொடுக்கவில்லை. கட்டைவிரலை மட்டும் வாங்கிக்கொண்டான். அந்த உறவா நமக்கு வேண்டும்? வழிகாட்டி நமக்கு முன்னால் அந்த ரோட்டில் நடந்தவர், அவ்வளவுதான். அவர் சொல்லுவதை ஏனென்று கேட்கலாம், தவறென்றால் மறுக்கலாம். காலில் விழச் சொல்லுகிறவரும், ஜாதி விசாரிக்கிறவரும், தனியே வீட்டுக்கு வரச்சொல்லி மாணவியைத் தொந்தரவு செய்கிறவரும் வழிகாட்டியல்ல. அவர்கள்மேல் புகார் எழுதுவதே சரி.

மாணவத் தோழர்களே, உங்களில் பலர் “நம் இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்கள்” என்று கூசிக்கொண்டு இதில் சேருவதில்லை. தமிழில் கேளுங்கள். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நேரமில்லை என்பீர்களானால், பதினைந்து நாளைக்கு அரைமணி போதும். என்ன பரீட்சை, என்ன தேதி, எந்தப் புத்தகம், யாருக்குக் கடிதம் எழுதுவது என்ற நாலையும் விடாமல் கேளுங்கள். சந்தித்த தேதியை உங்கள் நோட்டிலும் எழுதிவையுங்கள். ரிஜிஸ்டரில் பொய்த்தேதி விழுந்தால் அது சாட்சி சொல்லும். பெயருக்கு மட்டும் வழிகாட்டியாயிருக்கிறவரை மாற்றித் தரும்படி பிரின்சிபாலிடம் எழுத்தில் கேளுங்கள்.

நெய்வேலியில் ஓய்வுபெற்ற இஞ்சினீர்கள் இருக்கிறார்கள். நமது வகுப்புகளிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து உத்தியோகம் பார்த்தவர்களும் அவர்களில் உண்டு. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ருட்டிக்கு பஸ் ஏறி வந்து, ஐந்து பிள்ளைகளுடன் இரண்டு மணி நேரம் உட்கார அவர்களுக்கு என்ன தடை? காலேஜ் நிர்வாகிகள் இதுவரை அவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்களா?