வேலையை விட்டுட்டுத்தான் போட்டி: இரண்டு முறை ‘முடியாது’ சொன்ன பிலடெல்பியா வாக்காளர்கள்

2022 ஆகஸ்ட் முதல் நவம்பருக்குள் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர மன்றத்தில் ஐந்து கவுன்சிலர்கள் அடுத்தடுத்து ராஜினாமா செய்தார்கள். நகரத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் கன்ட்ரோலர் ரெபெக்கா ரைன்ஹார்ட்டும் பதவி விலகினார். ஊழல் புகாரா? இல்லை. கட்சித் தாவலா? அதுவும் இல்லை. எல்லோரும் 2023 மேயர் தேர்தலில் நிற்கப் போகிறவர்கள். அவ்வளவுதான்.

அந்த ஊர் விதி அப்படி. 1951-ல் ஏற்கப்பட்ட நகர சாசனப்படி, நகர அரசுப் பதவியில் இருப்பவர் வேறொரு பதவிக்கு வேட்பாளராக வேண்டுமானால் முதலில் ராஜினாமா செய்ய வேண்டும். இருக்கும் அதே பதவிக்கு மறுபடி நிற்பதற்கு மட்டும் விலக்கு. அதனால்தான் அங்கே தேர்தல் நெருங்கும்போது பல தலைவர்கள் ‘யோசிச்சுக்கிட்டு இருக்கேன்’ என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள். வாயைத் திறந்து அறிவித்துவிட்டால் நாற்காலி போய்விடும்.

இந்தச் சாசனத்துக்காகப் போராடிய சீர்திருத்தவாதிகளில் ஒருவரான ரிச்சர்ட்சன் டில்வொர்த்தே பின்னாளில் இதில் சிக்கினார். மேயராக இருந்த அவர் 1962-ல் பதவியை விட்டு பென்சில்வேனியா ஆளுநர் தேர்தலில் நின்றார். தோற்றார்.

மக்கள் என்ன சொன்னார்கள்?

சாசனத்தை நகர மன்றம் தானாகத் திருத்த முடியாது. மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் ஆதரித்தால் திருத்தம் ஒரு கேள்வியாக வாக்குச்சீட்டில் ஏறும். முடிவு வாக்காளர் கையில். 2007-லும் 2014-லும் இந்த விதியைத் தளர்த்தலாமா என்று கேட்டார்கள். இரண்டு முறையும் மக்கள் மறுத்துவிட்டார்கள்.

கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றுகிறவர்களும் அதனால் லாபம் அடைகிறவர்களும் ஒரே ஆட்கள் என்பதை மறந்துவிட்டு இந்த முடிவைப் படிக்க முடியாது. சம்பளம் நம் வரிப்பணத்தில், பிரச்சாரம் சொந்த வளர்ச்சிக்கா என்ற சந்தேகம் எந்த ஊர் வாக்காளருக்கும் வரும். அதிலும் மேயர் போடும் பட்ஜெட்டை ஏற்பதா, வெட்டுவதா என்று ஓட்டுப் போடுகிறவர் கவுன்சிலர். அவரே அந்த மேயர் நாற்காலிக்குப் போட்டியாளர் என்றால், அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் ஊருக்காகவா, தேர்தலுக்காகவா?

விதிக்கும் ஒரு விலை உண்டு

ஆனால் இது எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. 2022-ல் விலகியவர்களில் ஒருவரான ஆலன் டாம்ப் ரியல் எஸ்டேட் தொழிலதிபர். கவுன்சிலர் சம்பளத்தையே பள்ளிகளுக்கு நன்கொடையாகக் கொடுத்தவர். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஒரு கவுன்சிலருக்கு அதே ராஜினாமா எவ்வளவு பெரிய சூதாட்டம்!

அடுத்தது, காலி நாற்காலி. பிலடெல்பியாவில் ஒரு வட்டாரத்தின் நில விற்பனை, கட்டட அனுமதி விஷயங்களில் அந்த வட்டார கவுன்சிலர் சொல்வதே பெரும்பாலும் இறுதி வார்த்தை. 2022 செப்டம்பரில் காலியான இரண்டு வட்டார இடங்களுக்கு நவம்பரில்தான் இடைத்தேர்தல் நடந்தது. அதிலும் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுத்தது கட்சியின் வார்டு தலைவர்கள். வழக்கமான உட்கட்சித் தேர்தல் கிடையாது. ஒரு கட்சியே கோலோச்சும் ஊரில் இதற்கு அர்த்தம், கவுன்சிலரைக் கட்சி நியமித்த மாதிரிதான்.

இன்னொரு முரண். மாநில சட்டமன்ற உறுப்பினரான அமென் பிரவுனும் அதே மேயர் போட்டியில் இருந்தார். அவர் வகித்தது மாநிலப் பதவி. நகர விதி அவரைத் தொடாது. தோற்ற பிறகும் சட்டமன்றப் பதவி அப்படியே இருந்தது. 2022-ல் மாநில அட்டர்னி ஜெனரல் ஜோஷ் ஷப்பிரோ ஆளுநர் தேர்தலிலும், துணை ஆளுநர் ஜான் ஃபெட்டர்மேன் செனட் தேர்தலிலும் பதவியில் இருந்தபடியே நின்று ஜெயித்தார்கள்.

விதியை யார் மாற்றுவது என்பதுதான் இங்கே முக்கியம். புளோரிடாவிலும் இதே மாதிரி விதி உண்டு. ஆனால் அது சட்டமன்றம் இயற்றியது. ஆளுநர் ரான் டிசான்டிஸ் 2023 மே மாதம் அதிபர் தேர்தலில் குதித்தபோது, அதிபர், துணை அதிபர் போட்டிகளுக்கு விதி பொருந்தாது என்று சட்டமன்றம் திருத்திக் கொடுத்துவிட்டது. மக்களிடம் யாரும் கேட்கவில்லை. நீதிமன்றத்துக்குப் போனாலும் பெரிதாகப் பலன் இருக்காது: டெக்சாஸின் இத்தகைய விதிகளை 1982-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

நம்ம ஊரில்?

இந்தியாவில் முன்கூட்டியே ராஜினாமா தேவையில்லை. ஜெயித்த பிறகு ஒன்றை விட்டால் போதும். நாங்குநேரி எம்எல்ஏவாக இருந்த எச்.வசந்தகுமார் 2019-ல் கன்னியாகுமரி எம்பி ஆனார். நாங்குநேரி இடைத்தேர்தலைச் சந்தித்தது. 2021-ல் மாநிலங்களவை எம்பிக்களான கே.பி.முனுசாமியும் ஆர்.வைத்திலிங்கமும் சட்டமன்றத்துக்கு ஜெயித்து டெல்லி பதவியை விட்டார்கள். அதிமுக வசமிருந்த அந்த இரண்டு இடங்களும் திமுகவுக்குப் போயின. தோற்றிருந்தால் இருவரும் எம்பிக்களாகவே தொடர்ந்திருப்பார்கள். பிலடெல்பியாவில் அந்த வசதி இல்லை.

இதே பேச்சு பிலடெல்பியா நகர மன்றத்தில் 2025-லும் எழுந்தது. மேயர் பதவிக்கு விதியை அப்படியே வைத்துக்கொண்டு, மாநில, தேசிய பதவிகளுக்கு மட்டும் தளர்த்துவது நியாயமாகத்தான் படுகிறது. பட்ஜெட் மோதல் அங்கே இல்லை. ஆனால் இரண்டு முறை கதவைச் சாத்திய வாக்காளரை மறுபடி நம்பவைக்க வேண்டும்.

2014 கேள்வியைக் கொண்டுவந்த கவுன்சிலர் டேவிட் ஓ. 2023 பிப்ரவரியில் அவரும் மேயர் தேர்தலுக்காக ராஜினாமா செய்தார். ஆக மொத்தம், பதினேழு பேர் கொண்ட மன்றத்தில் ஆறு பேர் நாற்காலியை விட்டுவிட்டு இறங்கினார்கள். ஷெரெல் பார்க்கர் மேயரானார். டேவிட் ஓ உட்பட மற்ற ஐந்து பேரும் வெறுங்கையோடு திரும்பினார்கள்.