நமக்கென்று ஒரே ஓர் அலமாரிதானா?

சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, "படிக்க ஆசைதான். ஆனால் எதை எடுத்தாலும் பத்துப் பக்கத்தில் அலுத்துப் போகிறது. நல்ல புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுத வேண்டும் என்று அன்றிலிருந்தே கை குறுகுறுத்தது. பேரனுக்குப் பரீட்சை, வீட்டில் விருந்தாளிகள் என்று தள்ளிப் போய்விட்டது.

எனக்கு வயது 63. படிப்பு அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி.யோடு சரி. 1982-ல் கல்யாணமாகிக் கும்பகோணம் வந்தபோது, பாத்திரம் பண்டத்தோடு நான் கொண்டு வந்தது அம்மா பைண்டு செய்து வைத்திருந்த நாலு தொடர்கதைகள். வாரப் பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்தவை. பிறகு தெருமுனை வாடகை நூலகம், மாத நாவல்கள். குடும்பக் கதை, காதல் கதை, கொஞ்சம் துப்பறியும் கதை. இருபத்தைந்து வருஷம் இதைத் தாண்டி நான் போனதில்லை.

அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மாமியார், நாத்தனார், மூன்று குழந்தைகள் என்று ஓடிய நாட்களில் எனக்கு மூச்சு விட இடம் கொடுத்தவை அவைதான். ஆனால் ஒரு கட்டத்தில், முதல் அத்தியாயம் படித்ததுமே முடிவு தெரிய ஆரம்பித்தது. சகோதரி சொல்லும் அலுப்பு இதுதான் என்று நினைக்கிறேன். தினமும் ஒரே சாம்பார் என்றால் நாக்கு செத்துத்தானே போகும்?

2008-ம் வருஷம் கார்த்திகை மழை. கிளை நூலகத்தில் நாவல்கள் இருந்த பக்கம் ஒழுகியதால் புத்தகங்களைச் சாக்கில் கட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். வெறுங்கையோடு திரும்ப மனசில்லாமல் பக்கத்து அலமாரியில் கை வைத்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அதெல்லாம் சட்டப் புத்தகம்மா. சமையல், கோலம் எல்லாம் அந்தப் பக்கம் இருக்கு" என்றார். நல்ல மனிதர். உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எனக்கு என்னவோ சுருக்கென்றது. வீம்புக்காகவே, பெண்களுக்கான சட்டங்கள் பற்றி எளிய தமிழில் இருந்த ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து வந்தேன். "என்ன, வக்கீலாகப் போறியா?" என்று வீட்டுக்காரர் சிரித்தார்.

முதலில் தூக்கம் வந்தது. வாரிசுரிமை என்ற இடத்துக்கு வந்ததும் தூக்கம் போய்விட்டது. தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956-லேயே வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம். பூர்வீகச் சொத்தில் 1989-ல் தமிழ்நாடு பெண்களுக்குச் சம உரிமை கொடுத்தபோது, அதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு அது கிடையாது என்று வைத்துவிட்டார்கள். 2005-ல் மத்திய அரசு கொண்டு வந்த திருத்தம்தான் அந்த வேலியை எடுத்தது. இத்தனையும் நடந்திருக்கிறது, எனக்கு ஒன்றுமே தெரியாது!

அடுத்த வருஷமே அப்பா தவறிவிட்டார். உயில் இல்லை. மளிகைக் கடை வைத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்து அவர் கட்டிய வீடு அது. காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அண்ணன்கள் இருவரும் விடுதலைப் பத்திரத்தோடு வந்தார்கள். "நீயும் அம்மாவும் ஒரு கையெழுத்துப் போட்டா போதும்மா. சும்மா ஃபார்மாலிட்டிதான்."

என் ஆயுளில் அதுவரை சொல்லாத ஒன்றை அன்றைக்குச் சொன்னேன். "ரெண்டு நாள் குடுங்கண்ணா. படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன்." கூடத்தில் யாரும் பேசவில்லை.

படித்துப் பார்த்தேன். என் பங்கு, அம்மாவின் பங்கு இரண்டும் முழுசாக அண்ணன்களுக்குப் போகிறது. அம்மா எங்கே இருப்பாள் என்று ஒரு வரிகூட இல்லை. "என் பங்கை நான் விட்டுக் கொடுக்கறேன். அம்மா பங்கு அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்று சொன்னேன். பெரிய அண்ணன் ஒன்றரை வருஷம் என்னோடு பேசவில்லை. அந்தத் தீபாவளிக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு ரவிக்கைத் துண்டுகூட வரவில்லை. அந்தப் புத்தகத்தைத் தொட்டிருக்கவே வேண்டாமோ என்று அழுதிருக்கிறேன்.

ஆனால் அம்மா 2017 வரை, கண்ணை மூடும் வரை, சொந்த வீட்டில் யாருக்கும் பாரமில்லாமல் இருந்தாள். அண்ணன்கள் கெட்டவர்கள் இல்லை. ஊர் வழக்கம் எதுவோ அதைச் செய்தார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு அதே பெரிய அண்ணன் தன் மகளிடம், "எதிலயும் படிக்காம கையெழுத்துப் போடாதே, உங்க அத்தையைக் கேளு" என்கிறார்.

எல்லோரும் சட்டப் புத்தகம் படியுங்கள் என்று சொல்ல வரவில்லை. நமக்கு வேண்டிய புத்தகம் எந்த அலமாரியில் இருக்கிறது என்று நமக்கே முன்கூட்டித் தெரியாது. பிறத்தியாருக்கு எப்படித் தெரியும்? நூலகத் துறையின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். 1931-ல் அவர் ஐந்து விதிகள் வகுத்தார். எந்த நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு, எந்த வாசகருக்கும் ஒரு நூல் உண்டு என்பது அவற்றில் இரண்டின் சாரம். இது ஆணுக்கு, இது பெண்ணுக்கு என்று அவர் பிரிக்கவில்லை. நாம்தான் பிரித்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நூலகம் போனால் இரண்டு புத்தகம். ஒன்று எனக்குப் பிடித்த வகை. இன்னொன்று, அதுவரை நான் நின்றே பார்க்காத அலமாரியிலிருந்து. இப்படிக் கிடைத்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன்.

வாழ்க்கை வரலாற்றில் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. தமிழ்ப் பண்டிதர் புத்தகம், கடுமையாக இருக்கும் என்று பயந்தேன். பிள்ளைக்கு நல்ல வாத்தியார் கிடைக்க வேண்டுமென்று ஊர் ஊராகப் போகும் ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை அது. 1880 முதல் 1903 வரை அவர் எங்கள் ஊர்க் கல்லூரியில்தான் வேலை பார்த்தார். அந்த வழியாகப் போகும்போது இப்போதெல்லாம் கால் தானாக நின்றுவிடுகிறது.

பயணத்தில், சிட்டியும் தி. ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. எத்தனையோ வருஷம் இந்த ஆற்றில் குளித்தவள், அது குடகிலிருந்து எப்படி வருகிறது என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. இயற்கையில், மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. கொல்லையில் வரும் பறவைக்குப் பேரன் பெயர் கேட்டால் இப்போது நான் முழிப்பதில்லை.

நாவலிலேயே எத்தனை வகை! ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கே நேரில் போய்ப் பார்த்து எழுதியது 'கரிப்பு மணிகள்'. அதைப் படித்த பிறகு சமையலறையில் உப்பு ஜாடியைத் திறந்தால் அந்த மக்களின் நினைப்பு வருகிறது. வங்காளத்திலிருந்து த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்த 'ஆரோக்கிய நிகேதனம்', நாடி பிடித்தே மரணத்தைச் சொல்லிவிடும் ஒரு கிழ வைத்தியரின் கதை. மாமியார் படுக்கையில் கிடந்த நாட்களில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். அவரிடம் எரிந்து விழுவது குறைந்தது. 1992-ல் வந்த பாமாவின் 'கருக்கு' வேறு விதம். ஒரு தலித் பெண் தன் சொந்த வாழ்க்கையை எழுதியது. நான் பிறந்த ஊரிலேயே நான் பார்க்காமல் விட்டது எவ்வளவு என்று அது கேட்டது. இரண்டு நாள் மனசு சரியில்லை. அப்படிப்பட்ட புத்தகமும் வேண்டும்தானே?

நல்லதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? அட்டையை நம்பாதீர்கள். நடுவில் எங்காவது திறந்து இரண்டு பக்கம் படியுங்கள். பிடித்தால் எடுங்கள், முப்பது பக்கம் வரை பொறுமை காட்டுங்கள். அப்புறமும் ஓடவில்லையா, குற்ற உணர்ச்சியே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு புத்தகத்துக்குள் இன்னொரு புத்தகத்தின் பெயர் வந்தால் காலண்டர் தாள் பின்னால் குறித்து வையுங்கள். அது ரொம்ப நல்ல வழிகாட்டி. செல்போனில் 'படிக்க வேண்டிய பத்து' என்று வருகிறதே, அதுவும் சரிதான். ஆனால் எல்லாப் பட்டியலிலும் அதே பத்துதான் சுற்றிச் சுற்றி வருகிறது.

"நேரம் எங்கே இருக்கு?" என்பீர்கள். எனக்கும் இல்லை. குக்கர் மூன்று விசில் வருவதற்குள் நாலு பக்கம், மதியம் அரை மணி. அவ்வளவுதான். "நூலகத்தில் ஆம்பளைங்க கூட்டமா இருக்கு" என்றும் சொல்வீர்கள். பேப்பர் மேஜையில் அப்படித்தான் இருக்கும். நீங்களும் பக்கத்து வீட்டு அக்காவும் சேர்ந்து நாலு தடவை போனால் அந்தக் கூச்சம் போய்விடும். சொத்து வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தானே நம் வீட்டுப் பணம் போகிறது? அங்கே உள்ள அத்தனை அலமாரியும் நமக்கும் சொந்தம்தான்.

ஆகவே சகோதரி, அடுத்த தடவை போகும்போது வழக்கமான இடத்துக்குப் போகும் முன், இதுவரை நீங்கள் நிற்காத ஓர் அலமாரி முன்னால் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். யாராவது, "அது உங்களுக்கு இல்லைம்மா" என்று சொன்னால், அதிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்ன எடுத்தீர்கள் என்று மறக்காமல் இங்கே எழுதுங்கள். அடுத்து எதை எடுக்கலாம் என்று எனக்கும் தெரிய வேண்டும் அல்லவா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்.