கவசத்தை யார் கொடுக்க வேண்டும்?

உலகத்திலேயே அதிகமாக பணம் செலவழிக்கும் ராணுவம், அமெரிக்க ராணுவம்.

அந்த ராணுவத்தின் சிப்பாய்கள், வண்டிக்கு கவசம் தேடி குப்பை மேட்டை கிளறினார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

ஆனால் அது நடந்தது. 2004-ம் ஆண்டு நடந்தது.

அந்த ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி, அமெரிக்க ராணுவ மந்திரி ரம்ஸ்பெல்டு குவைத் நாட்டுக்கு போனார். ஈராக் போர்முனைக்கு புறப்பட தயாராக இருந்த சிப்பாய்களிடம் பேசினார். "கேள்வி இருந்தால் கேளுங்கள்" என்று சொன்னார்.

ஒரு சிப்பாய் எழுந்தார். "எங்கள் வண்டிகளுக்கு கவசம் இல்லை. குப்பை மேட்டில் பழைய இரும்பையும், அடிபட்ட கண்ணாடியையும் பொறுக்கி, நாங்களே பொருத்திக்கொள்ளும் நிலை ஏன்?" என்ற கருத்தில் கேட்டார்.

கூடி இருந்த சிப்பாய்கள் ஆரவாரம் செய்தார்கள். அந்த கேள்வி ஒருவர் கேள்வி அல்ல, எல்லோருடைய கேள்வி!

துணிக் கதவு

அவர்கள் போன வண்டியின் பெயர் "ஹம்வீ". பழைய ஜீப்புக்கு பதிலாக, 1980-களில் வந்த வண்டி. மேடு பள்ளம் பார்க்காமல் ஓடும். சாமான் ஏற்ற உதவும். ஆனால், போர்முனையின் நடுவில் நின்று அடி வாங்குவதற்காக செய்தது அல்ல. பல வண்டிகளின் கதவு, வெறும் கெட்டித்துணி.

2003-ம் ஆண்டு மார்ச் மாதம் ஈராக் போர் தொடங்கியது. பாக்தாத் விழுந்த பிறகுதான் உண்மையான ஆபத்து வந்தது. சாலை ஓரத்தில் புதைத்த வெடிகுண்டுகள் வெடித்தன. போர்முனை எது, பின்புறம் எது என்றே தெரியவில்லை. தபாலும் தண்ணீரும் கொண்டுபோன லாரிகள்கூட தப்பவில்லை.

சிப்பாய்கள் என்ன செய்வார்கள்? வண்டியின் தரையில் மணல் மூட்டையை பரப்பினார்கள். கதவில் இரும்பு தகட்டை பற்றவைத்தார்கள். மரப்பலகைகளை அடித்தார்கள். நம் ஊர் காயலான் கடையில் கிடைப்பது போன்ற இரும்புதான், பல பேர் உயிருக்கு காவல்!

மாட்டலாம், கழற்றலாம்

ராணுவம் சும்மா இருக்கவில்லை. கழற்றி மாட்டும் கவசங்களை அவசரமாக செய்து அனுப்பியது. கெட்டியான உருக்கு கதவு, தடித்த கண்ணாடி, இவற்றை போல்ட் போட்டு, போர்முனையிலேயே வண்டியில் பொருத்தலாம்.

அந்த கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி போன்றது அல்ல. கண்ணாடியும் ஒரு வகை பிளாஸ்டிக்கும் அடுக்கடுக்காக ஒட்டியது. குண்டு பட்டதும் வெளிக்கண்ணாடி நொறுங்கும். அதில் குண்டின் வேகம் குறையும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் வளைந்து கொடுத்து, மிச்ச வேகத்தை வாங்கிக்கொள்ளும்.

"குண்டு துளைக்காத வண்டி" என்று நாம் பேச்சில் சொல்லுகிறோம். எந்த குண்டும் துளைக்காத வண்டி உலகத்தில் கிடையாது. ஓரளவு குண்டை தாங்கும் வண்டிதான் உண்டு.

கவசத்துக்கு விலையும் உண்டு. பணத்தை சொல்லவில்லை; எடையை சொல்லுகிறோம். பாரம் ஏற ஏற என்ஜின் தேய்ந்தது. ஸ்பிரிங் உட்கார்ந்தது. சில வண்டிகள் திருப்பத்தில் கவிழ்ந்தன. கனமான கதவு சிக்கிக்கொண்டால், உள்ளே இருப்பவர் வெளியே வர முடியாது. அந்த கதவை வேறு வண்டியால் இழுத்து பிடுங்க, தனியாக கொக்கி செய்தார்கள்!

அதனால்தான் கழற்றும் கவசம் நல்லது என்கிறார்கள். ஆபத்து உள்ள இடத்தில் மாட்டலாம். இல்லாத இடத்தில் கழற்றி வைக்கலாம். ஆனால் ஒன்று. அதை தாங்கும் வலுவோடு வண்டியை முதலிலேயே கட்ட வேண்டும்.

மந்திரியின் பதில்

மந்திரி என்ன பதில் சொன்னார்? "கையில் இருக்கும் படையோடுதான் போருக்கு போக வேண்டும், ஆசைப்படும் படையோடு அல்ல" என்ற பொருள்பட சொன்னார். கவசம் வராததற்கு பணம் காரணம் அல்ல, செய்து முடிக்கும் வேகம்தான் காரணம் என்றும் சொன்னார்.

இரண்டு பதிலும் சரி அல்ல.

எதிரி திடீர் என்று வீட்டுக்குள் புகுந்தால், கையில் கிடைத்த தடியை எடுக்க வேண்டியதுதான். ஆனால் ஈராக் போருக்கு நாள் குறித்தது யார்? அமெரிக்காவே அல்லவா? நாள் குறித்தவர், முகூர்த்தத்துக்கு முன்பே பந்தல் போட்டிருக்க வேண்டும்.

பாடமும் புதிது அல்ல. 1993-ம் ஆண்டு சோமாலியாவில், மொகாதிஷு நகர சண்டையில் 18 அமெரிக்கர்கள் மாண்டார்கள். ஹம்வீ போதாது என்று அப்போதே தெரிந்தது. அதன் பிறகு கவச ஹம்வீக்கள் வந்தன. ஆனால் கொஞ்சம்தான் வந்தன.

"வேகமாக செய்ய முடியாது" என்ற வாதமும் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மாதம் 450 கவச ஹம்வீக்களை செய்துகொண்டிருந்த "ஆர்மர் ஹோல்டிங்ஸ்" கம்பெனி, 550 வண்டிகள் செய்ய முடியும் என்று சொல்லியது. ராணுவமும் உடனே அதற்கு சம்மதித்தது.

ஒரு சிப்பாயின் கேள்வி, மாதம் 100 வண்டிகளை கூடுதலாக கொண்டுவந்தது!

பிறகு வந்த ராணுவ மந்திரி கேட்ஸ், 2007-ம் ஆண்டு, கண்ணிவெடியை தாங்கும் வண்டிகளுக்கே முதலிடம் என்று அறிவித்தார். படகின் அடிப்பாகம் போன்ற வடிவம் அவற்றுக்கு. வெடியின் வேகம் இரு பக்கமும் சிதறிப்போகும். ஆயிரக்கணக்கில் அவை வந்தன. பல உயிர்கள் பிழைத்தன.

அதை வரவேற்கிறோம். ஆனால் போர் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதே! அதற்குள் மாண்டவர்கள் திரும்பி வருவார்களா?

வெள்ளம் வரும் முன்னே அணை போட வேண்டும்.

போர் நல்லதா, கெட்டதா என்பது வேறு விவாதம். "போ" என்று உத்தரவு போடுகிறவருக்கு, போகிறவர் உயிரை காக்கும் பொறுப்பும் உண்டு. உத்தரவும் கவசமும் ஒரே நாளில் புறப்பட வேண்டும். கவசம் தயார் இல்லை என்றால், உத்தரவு காத்திருக்கட்டும்.

அந்த சிப்பாய் மந்திரியின் முகத்தை பார்த்து கேட்டார். அவர் கேட்டிருக்க வேண்டியது இல்லை. மந்திரி, போருக்கு முன்பே தன்னை தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.