பின்னால் பிடிக்கும் கை

காலையில் உப்பிலியபுரம் சாலையில் நின்று பார்த்தால், சுற்றுவட்டார ஊர்களில் இருந்து மாணவிகள் சைக்கிளில் பள்ளிக்கு வருவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவ்வளவு சாதாரணக் காட்சி!

1991-ல் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் இது சாதாரணமாக இல்லை. கிராமத்துப் பெண் சைக்கிள் ஓட்டினால் கேலி பேசினார்கள். அப்போதுதான் அறிவொளி இயக்கம் அங்கே வந்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே கற்றார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

ஜனவரி 1-ம் தேதி எடுக்கும் தீர்மானங்கள் பொங்கலுக்குள் காணாமல் போகின்றனவே, இது மட்டும் எப்படி நிலைத்தது?

பலன் அன்றன்றைக்கே கிடைத்ததுதான் காரணம். ஓட்டத் தெரிந்தவருக்கு பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக் கொண்டு வரலாம். மிச்சமான நேரம்தான் பரிசு. தினமும் ஓட்டினார்கள், தினமும் பரிசு கிடைத்தது. பழக்கம் தானாக ஒட்டிக்கொண்டது.

மாணவர்கள் விஷயத்தில் நடப்பதோ தலைகீழ். பரிசு ஆண்டு விழாவில், அதுவும் முதல் மதிப்பெண்ணுக்கு. தினமும் பத்து ஆங்கில வார்த்தை படிக்கும் பையனுக்கு ஜூன் மாதத்தில் ஒன்றும் இல்லை. ஜூலையில் அவன் விட்டுவிடுகிறான். சோம்பேறி என்று திட்டு வேறு!

"பரிசு கொடுத்துப் பழக்கினால் பரிசுக்காகத்தானே செய்வான்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சைக்கிள் கற்றுக் கொடுப்பவர் முதலில் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார். ஓட்டுபவருக்கு பேலன்ஸ் வந்ததும் சொல்லாமல் கையை எடுத்துவிடுவார். சின்னப் பரிசும் அந்தக் கை போலத்தான். காலண்டரில் ஒரு டிக், பயிற்சி முடிந்த பிறகு அரை மணி நேரம் கேரம், ஆசிரியர் நோட்டில் எழுதும் ஒரு 'நன்று'. ஆரம்பத்துக்கு இவை போதும். படித்த வார்த்தை ஒரு நாள் செய்தித்தாளில் தானாகப் புரியும்போது, மற்ற பரிசு எதுவும் தேவைப்படாது.

கையை எடுக்காமலே இருப்பது தவறு. ஆனால் பிடிக்கவே மாட்டேன் என்று ஒதுங்கி நின்றுவிட்டு, விழுந்தவனைக் குறை சொல்வது அதைவிடப் பெரிய தவறு.