மன்றாட்டோடு முடிஞ்சுதா?

ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் நாட்டை ஆள்பவர்களுக்காக மன்றாடுகிறோம். நல்ல விசயம்தான். ஆனால் கோயில் வாசலைத் தாண்டினதும்? "அரசியல் எங்களுக்கு எதுக்கு, நாங்கள் செபிப்பம்" என்றுவிட்டு வீட்டுக்குப் போகிறோம்.

சீசரின் நாணயத்தைப் பற்றி இயேசு சொன்ன பதிலை, வரியைக் கட்டிப்போட்டுப் பேசாமல் இரு என்றுதான் பலர் விளங்கி வைத்திருக்கிறார்கள். அதே பதிலில் கடவுளுக்குரியது என்றும் ஒன்று இருக்கிறது. நாணயத்தில் இருந்தது சீசரின் உருவம். மனிதரில் இருப்பது கடவுளின் சாயல் என்று நம்புகிறோம். அப்படியென்றால் மனிதரைப் பற்றி அரசிடம் கணக்குக் கேட்பதும் விசுவாசம்தானே?

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகை அப்படித்தான் கேட்டார். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்ரோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் என்று கச்சேரிகள் தந்த தொகை 429,059. 2009 யூலை வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் என்று ஐ.நா. தந்த தொகை 282,380. மிச்சம் 146,679 பேருக்கு என்ன நடந்தது?

தொகைகள் எதுவும் அவர் சொந்தமாகச் சொன்னவை இல்லை. இருந்த தொகைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டார், அவ்வளவுதான். அதற்கே அவரைப் புலி என்றவர்கள் உண்டு. பதில் வராமலே 2021 ஏப்ரலில் அவர் கண்மூடினார்.

"அவர் ஆயர், நாங்கள் சாதாரண ஆக்கள்" என்று சொல்லலாம். ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரண ஆக்களுக்குத்தான். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஊர் றோட்டுக்கு ஒதுக்கின காசு எங்கே என்று பிரதேச சபையிடம் கேட்க ஒரு கடிதம் போதும். பங்கு இளைஞர் மன்றம் ஒளிவிழாவுக்குக் கூடுகிற நேரத்தில் ஒரு மணித்தியாலம் இதற்கும் ஒதுக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. எங்கட ஆக்களுக்கு மட்டும் கணக்குக் கேட்பது நற்செய்தி இல்லை. 2020இல் கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைக் குடும்பத்தின் விருப்பத்தை மீறி எரித்தார்களே, அடக்கம் செய்வதுதான் எங்கட வழக்கமும். அன்றைக்கு எத்தனை பங்குகளில் அதைப் பற்றிக் கதைத்தோம்? நல்ல சமாரியன் காயப்பட்டவனிடம் நீ எந்த ஊர், என்ன சமயம் என்று கேட்கவில்லை.

வாற ஞாயிறும் மன்றாடுவோம். திங்கட்கிழமை கடிதத்தையும் கொண்டுபோய்க் கொடுப்போம்.