தோல் பையும் பில்லும்

1998-ல் சென்னை பெரியமேட்டில் நாம் வாங்கிய தோல் பை இன்றும் தினம் வசூலுக்குப் போகிறது. வார் இருமுறை, ஜிப் ஒருமுறை மாற்றினோம், அவ்வளவே. நனைந்தால் நிழலில்தான் உலர்த்துவோம். உப்பு மூட்டைமேல் வைக்க விடமாட்டோம்.

சென்ற வருடம் குமாஸ்தாவுக்கு 'அசல் தோல்' என்று வாங்கிய பையோ ஒரே மழைக்காலத்தில் செதில் செதிலாக உரிந்தது. உள்ளே துணி! ரெக்ஸின். வெட்டிய ஓரத்தைப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். தோலென்றால் நார் தெரியும். (அவசரத்தில் நாமும் பார்க்கவில்லை.) அடித்தோலின்மேல் பூச்சு ஏற்றிய சரக்கும் உண்டு, நார் இருந்தாலும் அது நெடுநாள் உழைக்காது.

ரெக்ஸின் விற்பதை நாம் குறை சொல்லவில்லை. விலை குறைவு, வாங்குவோர் உண்டு. ஆனால் பில்லில் ரெக்ஸின் என்றே எழுத வேண்டும். பருப்பில் கலப்படம் என்றால் நம் கடைக்கு அதிகாரி வருகிறாரே! பை விற்பவரும் வணிகர்தான். நம் சங்கமே அவர்களிடம் இதைக் கேட்கட்டும்.