முட்டி ஊசியும் தேய்மானக் கணக்கும்

'தேய்மானம்' என்றதும் பி.காம் மாணவர்களுக்கு இயந்திரமும் லெட்ஜரும் ஞாபகம் வரும். சிந்தாதிரிப்பேட்டையில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் அதே வார்த்தையைச் சொன்னால் கை தானாக முழங்காலுக்குப் போகும். மீன் மார்க்கெட்டில் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து மீன் ஆய்கிறவர்கள், பறக்கும் ரயிலுக்குத் தினமும் படி ஏறுகிறவர்கள்... இவர்கள் காதில் யாராவது ஒருவர் போட்டு வைக்கும் யோசனைதான் 'ஜெல் ஊசி'. "ஒரு தடவை போட்டா ஆறு மாசத்துக்குக் கவலையில்ல!"

அந்த ஊசியில் இருப்பது ஹயலுரானிக் அமிலம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மூட்டுக்குள் எண்ணெய் போல இருக்கும் திரவத்துக்கு வழவழப்பைத் தருவதே அதுதான். 1934-ல் கார்ல் மேயரும் ஜான் பாமரும் மாட்டுக் கண்ணிலிருந்து முதலில் பிரித்தெடுத்தார்கள். பிற்பாடு சேவல் கொண்டையிலிருந்து எடுத்தார்கள், இப்போது பாக்டீரியா மூலமும் தயாராகிறது. மூட்டு தேயத் தேய இந்தத் திரவம் நீர்த்துப் போகிறது. வெளியிலிருந்து நிரப்பினால் என்ன என்பதுதான் கணக்கு.

நிரப்பியது எத்தனை நாள் இருக்கும்? இங்கே குறைந்துசெல் மதிப்பு முறையை நினைத்துக்கொண்டால் சுலபம். சாதாரண வகையில் ஏறக்குறைய ஒரு நாளிலேயே பாதி வெளியேறிவிடும். அடுத்த நாள் மீதியில் பாதி. மூலக்கூறுகளைப் பின்னிக் கெட்டியாக்கிய ஒரு வகையில் அதன் ஜெல் பகுதி பாதியாகச் சுமார் 9 நாள். இன்னும் கெட்டியான வகைக்குச் சுமார் ஒரு மாதம். எந்த வகையானாலும், ஆறாவது மாதத்தில் முட்டிக்குள் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் மிச்சமிருக்காது.

அப்படியென்றால் அந்த 'ஆறு மாசம்' எங்கிருந்து வந்தது? அது மருந்து தங்கும் காலம் அல்ல, வலி குறைவதாகச் சொல்லப்படும் காலம். மருந்து போன பிறகும் மூட்டு தானாகவே நல்ல திரவத்தைச் சுரக்கத் தொடங்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. இருக்கலாம். ஆனால் வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களுக்கும் வலி குறைகிறதே! 2022-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த தொகுப்பாய்வு, 21,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 169 ஆய்வுகளைத் திரட்டியது. போலி சிகிச்சையோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வுகளை மட்டும் பார்த்தபோது, 100 புள்ளி வலி அளவுகோலில் கூடுதல் பலன் சுமார் 2 புள்ளிதான். அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்களின் சங்கமும் 2021-ல், வழக்கமான சிகிச்சையாக இதைப் பரிந்துரைக்கவில்லை என்றது.

இதனால் ஊசி போடும் டாக்டர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று அர்த்தமில்லை. வலி மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், ஆபரேஷனைத் தள்ளிப்போட விரும்புகிறவர்கள் விவரம் தெரிந்து போட்டுக்கொண்டால் அது அவர்கள் விருப்பம். தகராறு அந்த 'விவரம் தெரிந்து' என்ற இடத்தில்தான்.

காசு வாங்கிச் செய்யும் மருத்துவமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிகிச்சையின் பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும் என்று 2008-ல் சமீரா கோலி வழக்கில் சொன்னது. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டிலேயே காலாவதித் தேதி இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கேட்கும் ஊசிக்கு, "மருந்து இத்தனை நாள் இருக்கும், உப்புநீரை விட இவ்வளவுதான் அதிகப் பலன்" என்று நோயாளிக்குப் புரிகிற தமிழில் ஒரு சீட்டில் எழுதித் தருவதில் என்ன கஷ்டம்?

அந்தச் சீட்டில் மாற்று வழியும் இருக்க வேண்டும். தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சிக்குச் செலவு கிடையாது. உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முட்டி மேல் விழும் பாரம் சுமார் நாலு கிலோ குறைகிறது என்கிறது 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வு. நாள் முழுக்க மீன் விற்றுச் சேர்த்த காசை எடுத்து நீட்டுவதற்கு முன்னால், அந்த அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். போடுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.